வான்கோ ஜப்பான் படத்த காப்பி அடிச்சாரா? (மழைப்பாலம் ஓவியம், ஒரு சந்தேகம்)

கத்தரிவெயில்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் என் முதல் இழை, தப்பு இருந்தா திட்டாதீங்க.

விஷயம் இதுதான். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வால்பேப்பரா வான்கோவோட ஒரு படம் வெச்சிருந்தேன், மழைல ஒரு மரப்பாலம், குடை புடிச்சிட்டு ஜனங்க ஓடுறாங்க, 1887ல வரைஞ்சது. பக்கத்து சீட்டு பையன் பாத்துட்டு "இது ஜப்பான் படம் ஆச்சே ப்ரோ"னு சொல்லி போன்ல இன்னொன்ன காட்டினான். ஹிரோஷிகேனு ஒருத்தர், 1857, மரக்கட்டை அச்சு. பாத்ததும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுது. அதே பாலம், அதே சாய்வு, அதே ஆளுங்க, பின்னாடி ஆத்துல தெப்பத்த கழியால தள்ளிட்டு போற ஆளு கூட அதே இடத்துல நிக்கிறாரு. ஏதோ பாதிப்பு, சாயல்னு சொன்னா ஒத்துக்கலாம், இது அப்படியே எடுத்து வெச்ச மாதிரி இருக்கு. வான்கோ மேல எனக்கு பெரிய மரியாதை, அதான் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இத காப்பினு சொல்லலாமா கூடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மா_இரு:
நம்மூர்ல ட்யூன் திருடினா கேஸு, அங்க திருடினா ஆர்ட்டு. அவ்ளோதான் ப்ரோ.

மஞ்சள்பை:
@கத்தரிவெயில் மனசு கஷ்டப்படாதீங்க, அவரு மறைச்சு செஞ்ச வேலை இல்ல இது. நான் ஸ்கூல் பசங்களுக்கு டிராயிங் சொல்லித்தர்றவ, வருஷா வருஷம் இந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி காட்டுவேன். 1887ல வான்கோ ஜப்பான் படங்கள பாத்து மூணு ஓவியம் போட்டாரு. மழைப்பாலம் ஒன்னு, ஹிரோஷிகேவோட காமேய்தோ பிளம் தோப்பு ஒன்னு, எய்சென்னு ஒருத்தர் போட்ட தாசிப் பொண்ணு படம் ஒன்னு. பிளம் தோப்பு படத்து மேல மெல்லிசு பேப்பர வெச்சு டிரேஸ் எடுத்து, அதுல கட்டம் போட்டு பெருசாக்கினாரு, அந்த டிரேசிங் பேப்பர் இன்னமும் ஆம்ஸ்டர்டாம் வான்கோ மியூசியத்துல இருக்கு. திருடுறவன் யாராச்சும் டிரேசிங் பேப்பர பத்திரமா எடுத்து வெப்பானா? டிராயிங் கிளாஸ்ல நாம எல்லாரும் செஞ்சோமே, பெரிய ஆள் படத்த வெச்சு கை பழகுறது, அதுதான் இது.

இன்னொன்னு கவனிச்சீங்களா, அவரு படத்த சுத்தி பார்டர்ல ஜப்பான் எழுத்தா இருக்கும். கேன்வாஸ் அளவும் அச்சோட அளவும் ஒத்து வரல, பக்கத்துல எடம் மிச்சம் ஆச்சு, அத நிரப்ப வேற வேற அச்சுல இருந்து எழுத்த பாத்து பாத்து வரைஞ்சிருக்காரு. அவருக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. பிளம் தோப்பு பார்டர்ல வர்றது யோஷிவாரா விலாசம், அதாவது எடோ நகரத்து (இப்ப டோக்கியோ) தாசித் தெரு அட்ரஸு! பூந்தோப்ப சுத்தி அத எழுதி வெச்சிருக்காருன்னு சொன்னா பசங்க சிரிப்பாங்க, சின்ன கிளாஸ்ல இத சொல்ல மாட்டேன் 😄

குறும்பாடு:
கை பழகுறதுனு சொன்னா எல்லாம் சரியாயிடுமா. அந்த மூணு படத்தையும் இன்னைக்கு மியூசியம்ல மாட்டி வெச்சிருக்கான், வான்கோ பேரு போட்டு, கோடி கோடி மதிப்பு. ஹிரோஷிகே அச்சு அந்த காலத்துல என்ன விலை? ஒரு தட்டு நூடுல்ஸ் விலை. ஹிரோஷிகே 1858லயே செத்துட்டாரு, இன்னொரு பெரிய ஜப்பான் அச்சு ஓவியர் ஹொகுசாய் 1849ல. ஐரோப்பால தன் படத்த வெச்சு இவ்ளோ ஆட்டம் போட்டாங்கன்னே அவங்களுக்கு தெரியாது. பேர் வாங்கினது மட்டும் பாரிஸ்காரன்.

ஆஃப்செட்_அண்ணாச்சி:
தம்பி குறும்பாடு சொல்லுததுல ஞாயம் இருக்கு, ஆனா ஒரு பெரிய விஷயத்த எல்லாரும் விட்டுட்டு பேசுதீங்க. நான் இருபத்திமூணு வருஷம் பிரஸ்ல மெஷின் ஓட்டுனவன், படம் வரையத் தெரியாது, அச்சடிக்கத் தெரியும், அந்த உரிமைல சொல்லுதேன்.

அந்த ஜப்பான் அச்சுல "ஒரிஜினல்"னு ஒன்னே கெடையாது. ஓவியர் மெல்லிசு தாள்ல கோடு போட்டு குடுப்பாரு. செதுக்குறவர் அந்த தாள கவுத்து செர்ரி மரப் பலகைல ஒட்டி, தாளோட சேத்து செதுக்கிருவாரு. செதுக்கி முடிக்கும்போது படம் காலி. அதாவது ஹிரோஷிகே கைப்பட போட்ட கோடு அந்த பலகையோட போச்சு. அப்புறம் ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி பலகை. அச்சடிக்கிறவர் வேற ஆளு. இவங்க எல்லாருக்கும் மேல பதிப்பாளர், துட்டு போட்டவரு, எந்த படம் ஓடும் எது ஓடாதுன்னு முடிவு பண்ணுறது அவருதான். நாலு பேர் வேலை தம்பி, பேரு மட்டும் ஓவியருக்கு. வான்கோ ஹிரோஷிகேவ காப்பி அடிச்சாருங்கீங்க, ஆனா ஹிரோஷிகே படத்துல அந்த மழைய மழையா ஆக்குனது யாரு? அந்த மழைக்கோட்ட உத்துப் பாருங்க, முடி மாதிரி மெல்லிசு கோடு, ரெண்டு பலகைல செதுக்கி, ரெண்டும் லேசா வேற வேற சாய்வு. மரத்துல அந்த மாதிரி கோடு நிக்க வைக்கணும்னா கோட்ட விட்டுட்டு சுத்தி உள்ள மரத்த மொத்தமா எடுக்கணும். கை ஒரு தடவ வழுக்குனா பலகை போச்சு. செதுக்குனவன் பேரு எங்க போச்சு?

அப்புறம் ரெஜிஸ்டர். பிரஸ்காரனுக்கு உசுரே அதுதான். எங்க மெஷின்ல ஈரக்காத்து அடிச்சா பேப்பர் இழுத்துக்கும், கலர் ஒன்னு மேல ஒன்னு உக்காராது. ஒரு தடவ பத்தாயிரம் காலண்டர்ல முருகனுக்கு உதட்டுச் செவப்பு கன்னத்துல போயி நின்னுச்சு, ஓனர் என்னைய முருகன விட்டுட்டு சூரனப் பாக்குத மாதிரி பாத்தாரு. அவங்க பேப்பர நனைச்சே அடிக்காங்க! நனைஞ்ச தாள்ல பத்து கலர், கையால தேச்சு. பலகையோட மூலைல எல் மாதிரி ஒரு வெட்டு, பக்கத்துல நேரா ஒரு வெட்டு, தாள அந்த ரெண்டு வெட்டுல அணைச்சு வைக்காங்க, அவ்வளவுதான் டெக்னிக்கு. அதுக்கு "கெந்தோ"ன்னு பேரு. 1765 வாக்குல இருந்தே முழுக்கலர்ல இப்படி அடிக்காங்க.

கத்தரிவெயில்:
அண்ணாச்சி இது எனக்கு சுத்தமா தெரியாது. நான் ஏதோ ஓவியர் உக்காந்து கலர் அடிச்சு அத ஜெராக்ஸ் மாதிரி எடுத்தாங்கன்னு நினைச்சேன் 🙈

வடலி:
வணக்கம் உறவுகளே. நான் இஞ்ச பரிசில இருக்கிறன், இருவது வருசமாகுது. கத்தரிவெயில் தம்பி கேட்டதுக்கு நேரா பதில் இல்ல, ஆனா நான் கண்ணால பாத்தத சொல்லுறன்.

ரோடின் மியூசியத்தில வான்கோவின்ர தங்கி ஐயா படம் ஒண்டு கிடக்கு. தங்கி எண்டுறவர் பெயின்ற் சாமான் விக்கிற கடைக்காரர், காசில்லாத ஓவியக்காரருக்கெல்லாம் கடனுக்கு சாமான் குடுத்த நல்ல மனுசன். படத்தில கிழவர் நீலச்சட்டையும் தொப்பியுமா கையைக் கோத்துக்கொண்டு எங்கட ஊர்ச் சங்கக்கடை மனேச்சர் மாதிரி இருக்கிறார், பின்னால சுவர் முழுக்க ஜப்பான் படங்கள். தொப்பிக்கு நேர மேல பூஜி மலை. மலை தொப்பில முளைச்ச மாதிரி. வலப்பக்கம் கீழ அந்த எய்சென்ர தாசிப் பெட்டையும் நிக்கிறா. கனநேரம் நிண்டு பாத்தனான். எனக்கு விளங்கினது என்னெண்டா அவர் அந்தப் படங்களோட குடியிருந்திருக்கிறார். அறுநூற்றுச் சொச்சம் படம் வாங்கி வச்சிருந்தவராம், பிங் எண்ட யாவாரியின்ர கடையில மேல்மாடியில குவிச்சுக் கிடந்ததுக்குள்ள இருந்து பொறுக்கி எடுத்தது.

மஞ்சள்பை:
@வடலி அண்ணா அருமை, தொப்பில முளைச்ச மலை 😂

அந்த 660 படமும் சும்மா ஆசைக்கு வாங்கல, வித்து காசு பாக்கலாம்னுதான் வாங்கினாரு. 1887ல தாம்பூரின்னு ஒரு காபிக்கடைல கண்காட்சியே வெச்சாரு, படுதோல்வி. அவரே தம்பி தியோவுக்கு எழுதின கடிதத்துல ஒத்துக்கிட்டு, ஆனா பெர்னாரையும் ஆன்கெத்தானையும் அந்த கண்காட்சி நல்லா பாதிச்சுதுன்னு சேத்து சொல்றாரு. வியாபாரம் ஊத்திக்கிச்சு, ஆனா ரெண்டு ஓவியரோட கோடு மாறிப்போச்சு.

குறும்பாடு:
சரி சரி, உணர்ச்சிவசப்படாதீங்க. எனக்கு இந்த மொத்த கதைலயே ஒரு டவுட் உண்டு. எல்லா கட்டுரைலயும் வரும், 1856ல பிராக்மோங்னு ஒரு பிரெஞ்சு ஓவியர், பீங்கான் சாமான் சுத்தி வந்த குப்பைத் தாள பிரிச்சு பாத்தாராம், அது ஹொகுசாய் வரைஞ்ச மாங்காங்கற ஸ்கெட்ச் புத்தகமாம், அன்னிக்கு ஐரோப்பாவோட கண்ணு தொறந்துச்சாம். ஆப்பிள் தலைல விழுந்த கதை மாதிரி இருக்கு. ஜப்பான் படம் அதுக்கு முன்னாடியே ஐரோப்பால இருந்துச்சு. சீபோல்ட்னு ஒரு டாக்டர், நாகசாகி பக்கத்துல டெஜிமா தீவுல டச்சுக்காரங்களுக்கு வேலை பாத்தவரு, 1830கள்லயே கொண்டுவந்து ஹாலந்துல லெய்டன்ல வெச்சுட்டாரு. அப்ப ஏன் யாரு கண்ணும் தொறக்கல?

மஞ்சள்பை:
நல்ல கேள்வி. பீங்கான் கதைய நானும் பசங்களுக்கு சொல்றத நிறுத்திட்டேன், அவரு புத்தகத்த அச்சாளர் தெலாத்ர் கடைல பாத்தாருங்கற அளவோட நிறுத்திக்கலாம்.

ஏன் முன்னாடி யாரும் கண்டுக்கலன்னா, எனக்கு தோணுறது, பசி இல்லாதவன் முன்னாடி எல போட்டா என்ன பிரயோஜனம். 1830ல பாரிஸ் ஓவியனுக்கு பழைய சோறே போதும்னு இருந்துச்சு. 1860ல அப்படி இல்ல. அகாதமில சொல்லிக் குடுத்த மாதிரி கிரேக்க வீரன், பழுப்பு நிழல், நடுவுல ஹீரோ, பின்னாடி தூரத்துல சின்னதாகிட்டே போற தூண், இது எல்லாம் மானே, தெகா மாதிரி ஆளுங்களுக்கு சலிச்சுப் போச்சு. தெருவ, காபிக்கடைய, துணி துவைக்கிற பொம்பளைய வரையணும்னு ஆசை, ஆனா எப்படி வரையறதுன்னு முன்மாதிரி இல்ல. அந்த நேரத்துல பெரின்னு ஒரு அமெரிக்க கடற்படைத் தளபதி போர்க்கப்பலோட போய் 1854ல ஜப்பான் கதவ தொறக்க வெச்சாச்சு, 1862 லண்டன் கண்காட்சி, 1867 பாரிஸ் கண்காட்சி, சரக்கு வந்து குவியுது. பாத்தா அந்த படங்கள்ல நடிகன், குஸ்திக்காரன், குளிக்கிற பொண்ணு, மழைல ஓடுறவன்! இவங்க தேடின அன்றாட வாழ்க்கைதான் அது, அதுவும் இவங்க நினைச்சே பாக்காத கோணத்துல. 1872ல பியூர்த்தினு ஒரு விமர்சகர் இதுக்கு ஜப்போனிஸ்ம்னு பேரே வெச்சுட்டாரு.

குறும்பாடு:
கோணம்னு சொன்னதும் ஞாபகம் வருது. தெகா படத்துல ஆள பாதியா வெட்டுறது, ஓரமா தள்ளுறது எல்லாம் போட்டோகிராஃபில இருந்து வந்தது. கேமரா ஃப்ரேம் வெட்டும்ல. ஜப்பானுக்கு ஏன் கிரெடிட் குடுக்கணும்?

மஞ்சள்பை:
அப்படி நானும் நினைச்சேன். ஆனா 1860கள் ஸ்டுடியோ போட்டோ எடுத்து பாருங்க, ஆள நடுவுல உக்கார வெச்சு, கைய தொடைல வெச்சு, நம்ம தாத்தா கல்யாண போட்டோ மாதிரிதான் இருக்கும். தெருவ எடுத்த ஸ்டீரியோ போட்டோல ஆளுங்க ஓரத்துல அறுபட்டு நிப்பாங்க, அத தெகா பாத்திருக்கலாம், அது உண்மை. ஆனா கைல எடுத்துட்டு போய் படக்குனு அமுக்குற கொடாக் கேமரா வந்தது 1888ல. தெகா கான்கார்ட் சதுக்கம் வரைஞ்சது 1875 வாக்குல. அந்த படத்துல இடது ஓரத்துல ஒருத்தன் பாதி உடம்போட நிப்பான், நடுவுல சதுக்கம் காலியா வெறிச்சோடி கெடக்கும், சுருட்டு புடிக்கிற லெபிக் ஒரு பக்கம் பாத்து போறாரு, அவரோட மகளுங்க வேற பக்கம் பாக்குதுங்க, நாய் வேற பக்கம்.

இப்ப ஹிரோஷிகேவோட எடோ நூறு காட்சிகள புரட்டுங்க (1856ல இருந்து 58 வரைக்கும் வந்தது). ஒரு படத்துல முன்னாடி முழுசா குதிரையோட பின்பக்கம், கீழ சாணி, அதுக்கு இடுக்குலதான் ஊர் தெரியும். இன்னொன்னு ஹனேதா படகுத்துறை, படகுக்காரனோட மயிர் முளைச்ச காலும் கையும் மட்டும் மேல இருந்து தொங்குது, அவன் மூஞ்சியே இல்ல, கால் இடுக்கு வழியா கோயில பாக்கறோம். இந்த அளவு தைரியம் எந்த போட்டோகிராஃபருக்கு அப்ப இருந்துச்சு? ரெண்டும் சேந்து தெகாவுக்குள்ள போயிருக்கும்னே வெச்சுக்குவோம். ஆனா கியோநாகாங்கற ஜப்பான் ஓவியரோட பொண்ணுங்க குளியலறை அச்ச தெகா தன் படுக்கையறைல மாட்டி வெச்சிருந்தாரு, அத மறந்துடாதீங்க. அது இப்ப பாஸ்டன் மியூசியத்துல இருக்கு.

அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, தெகா ஒரு தடவ கூட கிமோனோவும் விசிறியுமா எந்த பொண்ணையும் நிறுத்தி வரையல. மோனே வரைஞ்சாரே, 1876ல, பொண்டாட்டி கமீலுக்கு பொன்னிற விக் வெச்சு, செக்கச்செவேல்னு கிமோனோ போட்டு, சுவரெல்லாம் விசிறி குத்தி. அது ஃபேன்சி டிரஸ் போட்டி. பிற்காலத்துல மோனேவே அத குப்பைன்னு சொன்னாரு. தெகா உடுப்ப எடுத்துக்கல, பாக்குற விதத்த எடுத்துக்கிட்டாரு.

சும்மா_இரு:
ஆயிரம் யென் நோட்டுலயே ஹொகுசாய் அலைய போட்டுட்டான் ஜப்பான்காரன், 2024ல. இங்க நாம இன்னும் யார் யார காப்பி அடிச்சான்னு பேசிட்டு இருக்கோம்.

குறும்பாடு:
நல்லா எடுத்துக் குடுத்த சும்மா. அந்த அலைய போட்ட நீலம் எந்த ஊரு நீலம் தெரியுமா? பெர்லின் நீலம். 1700கள் ஆரம்பத்துல பெர்லின்ல தற்செயலா கண்டுபிடிச்ச கெமிக்கல் கலர், பிரஷியன் ப்ளூ. டச்சுக்காரன், சீனாக்காரன் கப்பல்ல ஜப்பான் போச்சு, 1830 வாக்குல விலை எறங்கினதும் அச்சுக்கடை எல்லாம் அதுமேல பாஞ்சுட்டாங்க, நீலத்துலயே முழு படம் அடிச்சாங்க. அதுக்கு முன்னாடி இருந்த பூச்சாறு நீலம் வெயில்ல வெளுத்துடும். ஹொகுசாயோட பெரிய அலை 1831 வாக்குல, அந்த நீலம் இல்லைன்னா அந்த அலை இல்ல. அதுமட்டுமா, அலைக்கு நடுவுல தூரத்துல சுண்டைக்காய் சைஸ்ல பூஜி மலைய காட்டுறாரே, அந்த தூரக்கணக்கு, பெர்ஸ்பெக்டிவ், அதுவும் டச்சு படங்கள பாத்து 1740கள்லயே ஜப்பான்காரங்க பழகினதுதான். ஆக ஐரோப்பா குடுத்தத ஐரோப்பாவே திரும்ப வாங்கிக்கிச்சு. இதுல காப்பி என்ன, மொய் திரும்ப வந்த கதைதான்.

வடலி:
அட, போன பதிவில திருட்டு எண்டீங்கள், இப்ப மொய் எண்டுறியள். எந்தப் பக்கம் நிக்கிறியள் எண்டு ஒருக்கா சொல்லுங்கோ பாப்பம் 😀

குறும்பாடு:
எந்த பக்கம் வாதம் நல்லா இருக்கோ அந்த பக்கம்.

ஆஃப்செட்_அண்ணாச்சி:
மொய்யின்னு சொன்னது நல்லாத்தான் இருக்கு, ஆனா திரும்ப வந்தது போட்ட மொய் இல்லடே. நான் என்ன நினைக்கேன்னா கேளுங்க.

மரப்பலகைல நிழல் வராது. எண்ணெய்ச்சாயத்துல கன்னத்த உருட்டி உருட்டி காட்டலாம், பலகைல அது நடக்காது. ஒரு பலகைக்கு ஒரு கலர், மட்டமா ஒக்காரும், ஓரத்துல ஒரு கருப்புக் கோடு. வானத்துல மேல அடர்த்தியா கீழ வெளுப்பா ஒரு பட்டை வருதே, அதுக்கே அச்சடிக்கிறவர் ஒவ்வொரு தாளுக்கும் பலகைல மைய ஈரம் வெச்சு கையால இழுத்து விடணும், போகாஷின்னு பேரு. அப்ப அந்த மட்டமான கலரும் கோடும் அவங்களுக்கு ஸ்டைல் இல்ல, கட்டையோட கஷ்டம், செலவுக் கணக்கு. கலர் கூடுனா பலகை கூடும், பலகை கூடுனா பதிப்பாளர் மூஞ்சி சுருங்கும். அந்த கஷ்டத்துக்குள்ளயே அழகு பண்ணத் தெரிஞ்சவனுவ.

ஆனா பாரிஸ்காரனுக்கு அந்த கஷ்டம் கெடையாது. ஆயிரம் கலர் டியூப்ல இருக்கு, நிழல் போடத் தெரியும், வருஷக்கணக்கா அதத்தான் படிச்சிருக்கான். அப்படிப்பட்டவன் "எனக்கு நிழல் வேண்டாம்"னு முடிவு பண்ணுதான் பாருங்க, அதுதான் அவன் எடுத்துக்கிட்டது. மானே போட்ட எழுத்தாளர் சோலா படத்துல (1868) சுவத்துல ஒரு ஜப்பான் குஸ்திக்காரன் படம் மாட்டியிருக்கும், பாருங்க, சோலாவோட கருப்புக் கோட்டே அந்த குஸ்திக்காரன் மாதிரி மட்டமா ஒரே கருப்பா கெடக்கும்.

அதுலயும் வான்கோவால மட்டமா போடவே முடியல. மழைப்பாலத்துல ஆத்து தண்ணிய பாருங்க, ஜப்பான் அச்சுல தண்ணி நைசா கண்ணாடி மாதிரி, இவரு போட்டதுல பச்சையும் நீலமுமா பிரஷ் போன தடம் எல்லாம் மேடு மேடா நிக்கும். காப்பி அடிக்கணும்னு உக்காந்தவரு கை கேக்கல. அந்த கேக்காத எடத்துலதான் வான்கோ இருக்காரு. இத நான் எங்கயும் படிக்கல, உத்துப் பாத்து சொல்லுதேன், தப்புன்னா திருத்துங்க.

மஞ்சள்பை:
அண்ணாச்சி 🙏 இத நான் கிளாஸ்ல அப்படியே சொல்லப்போறேன், உங்க பேர சொல்லிட்டு.

கஷ்டம் பத்தி சொன்னதால மேரி கசாட் கதைய கேளுங்க. அமெரிக்காக்கார ஓவியர், பாரிஸ்ல இருந்தவங்க. 1890ல அதே வியாபாரி பிங் ஓவியக் கல்லூரில எழுநூத்துச் சொச்சம் ஜப்பான் அச்சு வெச்சு பெரிய கண்காட்சி நடத்தினாரு. கசாட் போய் பாத்துட்டு இன்னொரு ஓவியர் பெர்த் மோரிசோவுக்கு கடிதம் எழுதுறாங்க, நீ கட்டாயம் வரணும், எனக்கு கனவுல கூட தாமிரத் தகட்டுல கலர் மட்டும்தான் வருதுன்னு. அடுத்த வருஷத்துக்குள்ள பத்து படம் அச்சா போட்டாங்க. பொண்ணு கடிதத்த மடிச்சு கவர நாக்கால ஒட்டுறா, அம்மா கொழந்தைய குளிப்பாட்டுறா, ஒருத்தி கண்ணாடி முன்னாடி கொண்டை போடுறா. உத்தாமாரோங்கற ஜப்பான் அச்சு ஓவியரோட பொண்ணுங்க அப்படியே பாரிஸ் வீட்டுக்குள்ள வந்த மாதிரி. ஆனா மரக்கட்டைல போடல, செம்புத் தகடு, ஒவ்வொரு பிரதிக்கும் கையால கலர் பூசி அடிக்கணும், ஒரு படத்துக்கு 25 பிரதி, பத்து படத்துக்கு 250. நாள் முழுக்க பிரஸ்ல நின்னிருக்காங்க. அச்சடிச்சவர் லெரோவா பேரையும் தன் பேரு பக்கத்துலயே சேத்து போட்டாங்க.

ஆஃப்செட்_அண்ணாச்சி:
போட்டாங்களா? அப்ப அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

வடலி:
போஸ்ரர் மறந்திட்டியள். லோத்ரெக் எண்ட ஓவியர்! இஞ்ச பிகால் பக்கம் போனா இப்பவும் அந்தாளின்ர படத்த தேத்தண்ணிக் கோப்பையில எல்லாம் அடிச்சு விக்கிறாங்கள். 1893ல திவான் ஜப்போனே எண்ட ஒரு இரவுக் கடைக்கு போட்ட போஸ்ரர், கடையின்ர பேரே ஜப்பான். முன்னுக்கு ஜான் அவ்ரில் எண்ட நாட்டியக்காரி கறுத்த உடுப்போட ஒரே கறுப்பா இருக்கிறா, பின்னுக்கு மேடையில பாடுறவவுக்குத் தலையே இல்ல, தாளின்ர மேல்விளிம்பு தலையை வெட்டிப் போட்டுது. ஆனா நீளக் கறுப்புக் கையுறையைப் பாத்ததும் பரிஸ் சனம் எல்லாத்துக்கும் தெரியும் அது இவெட் கில்பேர் எண்டு. தலை இல்லாம ஆளைக் காட்டுறது. கையெழுத்தையும் ஜப்பான் முத்திரை மாதிரி வட்டத்துக்குள்ள போட்டுவிடுவார்.

கத்தரிவெயில்:
இவ்ளோ வரும்னு நினைக்கல. ஒன்னு கேக்கறேன், ஜப்பான்காரங்க இத எப்படி எடுத்துக்கறாங்க? கோவம் இல்லையா?

குறும்பாடு:
2015ல பாஸ்டன் மியூசியத்துல அந்த மோனே கிமோனோ படத்துக்கு முன்னாடி பார்வையாளர கிமோனோ போட்டு போட்டோ எடுத்துக்க சொன்னாங்க. ஆசிய வம்சாவளி பசங்க வந்து எங்க உடுப்பு உனக்கு விளையாட்டு சாமானானு போராட்டம் பண்ணாங்க. எதிர்ப்பக்கம் ஜப்பானியர் சிலர் கிமோனோவோட வந்து, எங்களுக்கு பிரச்சனை இல்ல, போட்டுக்கோங்கன்னாங்க. மியூசியம் குழம்பிப்போய் போட்டுக்கறத நிறுத்தி, தொட்டு பாக்க மட்டும் விட்டுச்சு.

இன்னொரு பக்கம் பாருங்க, இந்த அச்சுகள பாரிஸ்ல குவிச்சு வித்தவர்ல முக்கியமானவரே ஒரு ஜப்பானியர்தான். ஹயாஷி தடமாசா, 1878 கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளரா வந்தவரு, அப்படியே தங்கி கடை போட்டாரு, லட்சத்துக்கும் மேல அச்சு அவர் கை வழியா போச்சு. வான்கோ தாசிப்பொண்ணு படத்த பாத்தது பாரி இலுஸ்த்ரேனு ஒரு பத்திரிகையோட 1886 மே அட்டைல, அந்த ஜப்பான் சிறப்பிதழ எழுதினதே ஹயாஷிதான். அட்டைல படம் இடவலம் மாறி அச்சாகியிருந்துச்சு, வான்கோவும் அப்படியே மாத்தி வரைஞ்சுட்டாரு. அப்ப ஜப்பான்ல லித்தோ (கல்லச்சு), போட்டோ, நியூஸ்பேப்பர் வந்து பழைய அச்ச வாங்க ஆளில்லாம போச்சு. நாட்ட கொள்ளையடிச்சாரா, பழைய பேப்பருக்கு போக வேண்டியத காப்பாத்தினாரா, நீங்களே சொல்லுங்க, எனக்கு ரெண்டும் சரினு படுது.

மஞ்சள்பை:
ஒரு சின்ன விலகல், மன்னிக்கணும். அந்த அச்சுல எடோ பொண்ணுங்க கோடு கோடா போட்ட துணி கட்டியிருப்பாங்க. அந்த கோடு போட்ட பருத்தித் துணில ஒரு வகைக்கு அங்க "சாந்தொமே"னு பேரு. நம்ம சாந்தோம்தான்! சோழமண்டலக் கரைத் துணி வெள்ளைக்காரன் கப்பல்ல ஜப்பான் போய், அங்க ஃபேஷன் ஆகி, பேரும் ஒட்டிக்கிச்சு. மயிலாப்பூர்ல பஸ் ஏறும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சும்மா_இரு:
அப்ப ஜப்பான் நம்ம கோட்ட காப்பி அடிச்சிருக்கு. இழைக்கு பேரு மாத்துங்கப்பா.

கத்தரிவெயில்:
பேரு மாத்த பாத்தேன், 24 மணி நேரம் தாண்டிட்டா எடிட் பண்ண முடியாதாம் 😅 இருக்கட்டும்.

வடலி அண்ணா உங்ககிட்ட ஒரு உதவி. அண்ணாச்சி சொன்னத வெச்சு யோசிச்சேன், தங்கி ஐயா படத்துல சுவர்ல இருக்கற அந்த ஜப்பான் அச்சுகள வான்கோ மட்டமா வரைஞ்சிருக்காரா, இல்ல அங்கயும் பிரஷ் தடம் மேடு மேடா நிக்குதா? நெட்ல இருக்கற போட்டோ பளபளனு இருக்கு, சரியா தெரியல. அடுத்த தடவ போனா பக்கவாட்டுல நின்னு பாத்து சொல்லுங்களேன்.

வடலி:
வாற மாசம் மனிசியின்ர தங்கச்சி லண்டனில இருந்து வாறா, எப்பிடியும் கூட்டிக்கொண்டு போகத்தான் வேணும். பக்கவாட்டில நிண்டு பாக்கிறன். கிட்டப் போனா காவலாளி சத்தம் போடுவான், போன முறையும் போட்டவன்.

ஆஃப்செட்_அண்ணாச்சி:
பூஜி மலை ஓரத்த முதல்ல பாருங்க தம்பி. கோடு தனியா நிக்கா, இல்ல கலரோட கலந்து போச்சான்னு.